பிளஸ் ஒன் போர்ஷனைத் தாண்டிக் குதிக்கச் சொல்கிறார்கள்

கேள்வி: கொங்குப் பகுதியில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட்., வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தானதிலிருந்து, “ஆகஸ்டுக்குள் பிளஸ் ஒன்னை முடித்துவிட்டு பிளஸ் டூ ஆரம்பியுங்கள்” என்கிறார் கரஸ்பாண்டென்ட். லேபிலிருந்து எதையாவது எடுத்துப்போய் வகுப்பில் செய்து காட்டினால், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் “புக் பேக் முடிந்ததா” என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒரு மாணவன் 2024 நீட்டில் இரண்டு விடை வந்த அந்த அணுக் கேள்வியைக் காட்டி, “புக்ல இருந்ததை எழுதினவனுக்கு ஏன் மேடம் மார்க் போச்சு?” என்றான். வகுப்பு நீட் வேண்டும், வேண்டாம் என்று இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மடங்கு சம்பளத்துக்கு ஒரு கோச்சிங் சென்டர் கூப்பிடுகிறது. போய்விடலாமா சார்?

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். கரஸ்பாண்டென்டும் சம்பளமும் கொஞ்சம் பொறுப்பார்கள். பதினாறு வயதில் இப்படி ஒரு கேள்வி கேட்டவனுக்குப் பதில் தள்ளிப்போனால் அவன் அடுத்ததைக் கேட்க மாட்டான்.

நடந்தது இதுதான். இரண்டு வாக்கியங்கள் கொடுத்திருந்தார்கள். முதலாவது, அணுக்களில் நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சமமாக இருப்பதால் அவை மின்நடுநிலை கொண்டவை என்றது. இரண்டாவது, ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்கே உரிய நிறமாலையை வெளிவிடுபவை என்றது. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டாவது வாக்கியம் அப்படியே இருந்தது. புதிய பதிப்பில் அது “பெரும்பாலான தனிமங்கள்” என்று மாறியிருந்தது. பழைய புத்தகம் படித்தவர்கள் முறையிட, தேசியத் தேர்வு முகமை ‘முதலாவது மட்டும் சரி’, ‘இரண்டுமே சரி’ என்ற இரண்டு விடைக்குமே மதிப்பெண் கொடுத்தது. முதலில் 720-க்கு 720 வாங்கிய 67 பேரில் 44 பேர் இந்த ஒரு கேள்வியால் அந்த இடத்துக்கு வந்தவர்கள். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலையில் நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் மூன்று பேர் குழு அமைத்துக் கருத்துச் சொல்லக் கேட்டது. இரண்டாவது வாக்கியம் தவறு, எனவே விடை ஒன்றுதான் என்றது குழு. சுமார் 4.2 லட்சம் பேருக்கு ஐந்து ஐந்து மதிப்பெண் போனது: விடைக்கான நாலு, தவறுக்கான ஒன்று. திருத்திய பட்டியலில் முழு மதிப்பெண்காரர்கள் 17 பேர்.

இது செய்தி. பையனுக்குத் தெரிந்திருக்கும். அவனுக்குத் தெரியாதது, அந்த வாக்கியத்துக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன என்பது.

ரூதர்ஃபோர்டு அணு மாதிரியில் எலக்ட்ரான் கருவைச் சுற்றுகிறது. சுற்றினால் முடுக்கம் உண்டு. முடுக்கம் உள்ள மின்துகள் ஆற்றலைக் கதிராக வீசும். வீசினால் சுருண்டு சுருண்டு கருவுக்குள் விழ வேண்டும். ஒரு நொடியைப் பத்தாயிரம் கோடியாகப் பிரித்தால் அதில் ஓரிரு பங்கு நேரம்கூட ஹைட்ரஜன் அணு தாங்காது என்று பழைய இயற்பியல் கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் அணு விழவில்லை. மேசை மேசையாகத்தான் நிற்கிறது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்து தீர்க்கப் பார்த்த சிக்கல் இதுதான். இந்த அர்த்தத்தில் ரேடியம் அணுவும் நிலையானதே. அதன் எலக்ட்ரான்களும் கருவுக்குள் விழுவதில்லை. பழைய புத்தகத்தின் வாக்கியம் இந்த இடத்தில்தான் வருகிறது.

மற்றது கருவின் நிலைத்தன்மை. ரேடியம்-226 கரு சுமார் 1600 ஆண்டு அரை ஆயுளில் சிதைகிறது. பிஸ்மத்துக்கு மேலே எந்தத் தனிமத்துக்கும் நிலையான ஐசோடோப்பு கிடையாது. கீழேயே டெக்னீசியம், புரோமெத்தியம் இரண்டுக்கும் கிடையாது. வாக்கியத்தைத் தனியாக எடுத்து வைத்துப் படிக்கிறவருக்கு அது தவறுதான், ஐ.ஐ.டி. குழு அப்படித்தான் படித்தது.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை இருக்கிறது, வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். 1898-ல் கியூரி தம்பதியர் புதுத் தனிமம் ஒன்று இருக்கிறது என்று சொன்னபோது, அதை உறுதிப்படுத்த யூஜின் தெமார்சே என்ற வேதியியலாளர் அவர்களுடைய மாதிரியின் நிறமாலையைப் பார்த்தார். அதுவரை அறிந்த எந்தத் தனிமத்துக்கும் சேராத ஒரு கோடு அதில் தெரிந்தது. ரேடியம் ஊருக்கு அறிமுகமானதே அப்படித்தான். சிதைந்துகொண்டே இருக்கிற அணு தன் கையெழுத்தையும் போட்டது!

என் தீர்ப்பைக் கேட்டால், குற்றவாளி கேள்வித்தாள். எந்த நிலைத்தன்மை என்று சொல்லாமல் சரியா தவறா கேட்கக் கூடாது. இரண்டு வாக்கியமும் சரி என்று குறித்த பிள்ளை இயற்பியல் தெரியாதவன் அல்ல, அவனுக்கு மார்க் போனது வேறு கணக்கு என்று பையனிடம் நேராகச் சொல்லுங்கள். “புதுப் பதிப்பைப் படித்திருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அணுவை விட்டுவிட்டு எந்த வருட அச்சு என்று பார்க்கப் பழகிவிடுவான்.

நீட் சண்டைக்கு வருகிறேன். நம் ஊரில் அது வகுப்பறைக்கு வராமல் இருக்காது. 2017 முதல் இங்கே மருத்துவச் சேர்க்கை நீட் வழியாகத்தான். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021-ல் நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு அறிக்கை கொடுத்தது, விலக்கு கேட்டு சட்டமன்றம் மசோதா போட்டது. இவ்வளவும் பிள்ளைகளின் வீட்டு ஹாலில் பேசப்படுகிற விஷயம். உங்கள் வகுப்பிலேயே அக்கா இரண்டாவது முறை ரிப்பீட் பண்ணிக்கொண்டிருக்கிற பையன் ஒருவன் இருப்பான். சண்டை முற்றினால் அவனுக்குத்தான் வலிக்கும். அதனால் நான் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். எந்த வருடம் என்ன நடந்தது, எந்த விடை ஏன் சரி என்பதை வகுப்பில் தீர்த்துவைப்பேன். தேர்வு இருக்க வேண்டுமா என்பதைக் கையைத் தூக்கச் சொல்லி எண்ண மாட்டேன். வெளியே வந்து தனியாகக் கேட்கிற பிள்ளைக்கு என் கருத்தை மறைக்கவும் மாட்டேன்: 180 நிமிடத்தில் 180 கேள்வி என்பது வேகத்தை அளக்கிற அளவுக்கு இயற்பியலை அளப்பதில்லை, நம் பொதுத்தேர்வும் மனப்பாடத்தை அளக்கிற அளவுக்கு அதை அளப்பதில்லை. (இப்படிச் சொல்லி இரண்டு முகாமிலும் நண்பர்களைக் குறைத்துக்கொண்டவன் நான்.)

கரஸ்பாண்டென்ட் சொல்வது புதுசு இல்லை. 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணமே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பேருக்குப் புரட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ போர்ஷனையே ஓட்டியதுதான். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளைப் பிழிகிற ஏற்பாடு. அரியர் வைத்துவிட்டுப் பள்ளியை விட்டே நின்றவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் எடுத்த மறுநாளே பழைய வழக்கம் திரும்பிவரும் என்பதும் எதிர்பார்த்ததுதான்.

அவரிடம் போய்க் கல்வியின் நோக்கம் பற்றிப் பேசாதீர்கள். அவருக்கு ரிசல்ட் வேண்டும், அடுத்த வருட அட்மிஷன் வேண்டும். அவருடைய கணக்கையே போட்டுக் காட்டுங்கள். நீட்டில் இயற்பியல் 45 கேள்வி, 180 மதிப்பெண். அதில் ஏறக்குறையப் பாதி பிளஸ் ஒன். அதைவிடப் பெரிய காரணம், பிளஸ் டூ புத்தகமே பிளஸ் ஒன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. காந்தப்புலத்துக்குள் செங்குத்தாக நுழைகிற மின்துகள் ஏன் வட்டமடிக்கிறது? மையநோக்கு விசை தெரியாதவனுக்கு அது ஒரு சூத்திரம், அவ்வளவுதான். இரண்டு தகடுகளுக்கு நடுவே போகிற எலக்ட்ரான் எறிபொருள் இயக்கமேதான். மில்லிகன் எண்ணெய்த் துளிக்கு ஸ்டோக்ஸ் விதியும் முற்றுத் திசைவேகமும் வேண்டும். மின் இருமுனையில் திருப்புவிசை, போர் அணுவில் கோண உந்தம், மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் சுருள்வில்லின் அலைவு. இவற்றை ஒரே தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள்: இடது பக்கம் பிளஸ் டூ பாடம், வலது பக்கம் அது கேட்கிற பிளஸ் ஒன் பாடம். தாளை மேசையில் வைத்துவிட்டு, “சார், வலது பக்கம் நடத்தாவிட்டால் இடது பக்கத்தை நான் இரண்டு முறை நடத்த வேண்டிவரும், நாள் கூடத்தான் ஆகும்” என்று சொல்லுங்கள். நிர்வாகிகளுக்கு நாள் கணக்கு புரியும்.

பேரம் பேசவும் தயாராகப் போங்கள். முதல் அலகின் அளவீட்டுப் பிழைகளை லேபிலேயே முடித்துவிடலாம். வாயுக்களின் இயக்கவியற் கொள்கையை வேகமாக ஓட்டலாம். இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல், சுழற்சி இயக்கம், அலைவுகள் இந்த ஐந்திலும் கை வைக்க விடாதீர்கள். டிசம்பர் கடைசி வரை கேளுங்கள். நவம்பருக்கு ஒத்துக்கொண்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டதைப் பாடத்திட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், செப்டம்பரில் மறுபடி கூப்பிட்டுக் கேட்பார்.

புக் பேக் கேட்கிற பெற்றோரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பார்த்த பரீட்சை அப்படி. 2018-ல் புதிய பிளஸ் ஒன் புத்தகமும், ப்ளூ பிரிண்ட் (எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் என்ற முன்பட்டியல்) இல்லாத கேள்வித்தாளும் வந்த பிறகும் கைடுக் கடைகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நீங்கள் லேப் சாமானைத் தூக்கிக்கொண்டு போவதை அவர்கள் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். ஒரு விதத்தில் அவர்கள் பயத்தில் நியாயமும் உண்டு: செய்துகாட்டல் மட்டும் போதாது. காந்தத்தை அலுமினியக் குழாய்க்குள் போட்டால் மெதுவாக இறங்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள், மறுநாள் லென்ஸ் விதியை (தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கும் என்பதை) கேட்டால் விழிப்பார்கள். போடுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவனும் நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதியது பொய்த்தால்தான் காரணம் தேடுவான்.

இதில் உலகறிந்த உதாரணம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர். 1990 வாக்கில், நியூட்டன் விதிகளை அன்றாட மொழியில் சோதிக்கிற ஓர் எளிய வினாத்தாளைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். ஒரு மாணவி, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் நிஜமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டார். கிர்க்காஃப் விதியை வைத்துப் பெரிய சுற்றைக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகள், ஒரு சுவிட்சை மூடினால் எந்த பல்பு பிரகாசமாகும் என்ற கேள்வியில் தடுக்கி விழுந்தார்கள். ஹார்வர்டிலேயே இந்தக் கதி என்றால், சென்டம் வாங்கிய நம் பிள்ளைகளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் கண்டுபிடித்த வழிக்குச் செலவே கிடையாது: கேள்வி போடு, எல்லோரும் விடை குறிக்கட்டும், பக்கத்தில் இருப்பவனிடம் வாதாடட்டும், மறுபடி குறிக்கட்டும். எட்டு நிமிடம்.

உங்களுக்கு ஒரு கேள்வி தருகிறேன். லாரியும் ஸ்கூட்டியும் நேருக்கு நேர் மோதின. எது எதன்மேல் அதிக விசை கொடுத்தது? மூன்றாம் விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கிற வகுப்பில் முக்கால்வாசி லாரி என்பார்கள். இரண்டு சுருள்வில் தராசுகளை மாட்டி இழுக்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே அளவு காட்டும். உடனே ஒருத்தி எழுந்து, “இது சும்மா நிக்குது மேடம், மோதறது வேற” என்பாள். அவளுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். விசை சமம், முடுக்கம் சமம் இல்லை, நசுங்குவது முடுக்கத்தாலும் உடல் பலத்தாலும் என்று பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும். புக் பேக்கில் இயக்க விதிகளின் பாதி அந்த ஒரு பீரியடில் முடிந்துவிடும்.

பிறகு அதே கேள்வியைப் பெற்றோர் குரூப்பில் போடுங்கள். விடையை மறுநாள்வரை சொல்லாதீர்கள். அப்பாக்கள் சும்மா இருக்க மாட்டார்கள், பாருங்கள்.

சர்ச்சைகளைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமத்தை எடுத்தபோது நாடு முழுக்க விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள், சரியாகவே எழுதினார்கள். அதே கத்தரிப்பில் மின்மோட்டாரும் மின்காந்தத் தூண்டலும் ஜெனரேட்டரும் போயின; அதற்கு அவ்வளவு சத்தம் எழவில்லை. ஆனால் யாருமே சத்தம் போடாத ஒன்று நம் பள்ளிகளின் லேபில் தினமும் நடக்கிறது. விடையிலிருந்து பின்னோக்கி அளவீடு எழுதுவது.

டேஞ்சண்ட் கால்வனோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், மின்னோட்டம் விட்டால் காந்த ஊசி எத்தனை டிகிரி திரும்புகிறது என்று பார்க்கிற கருவி. பூமியின் காந்தப்புலக் கிடைத்தளக் கூறு நம் பக்கத்தில் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா என்று ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கும். மின்னோட்டத்துக்கு நாலு எண், அதற்குத் தோதாகக் கோணம், இரண்டு டிகிரி முன்னே பின்னே தள்ளி எழுதினால் “நிஜமாக” இருக்கும். கருவியைத் தொடாமலே செய்முறைத் தேர்வில் இருபதுக்கு இருபது. இதைச் செய்யச் சொல்லிக்கொடுப்பது பல இடங்களில் நாமேதான். பத்து வருடம் கழித்து ஒரு தேர்வு முகமையைப் பார்த்து நேர்மை இல்லை என்று கத்தப்போகிற பிள்ளைக்கு, பொய் அளவீட்டுக்கு முதல் கையெழுத்து நாம் போட்டிருக்கிறோம்.

உங்கள் லேபில் நீங்கள் ஒருவரே மாற்றக்கூடியது இது. கரஸ்பாண்டென்ட் அனுமதி வேண்டாம். விடை 40 வராமல் 55 வந்தால் மார்க் குறையாது, ஏன் வந்தது என்று நாலு வரி எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மேசைக்கு இரும்புக் கால் இருக்கும். அம்மீட்டரைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். யாராவது பாக்கெட்டில் ஃபோன் வைத்திருந்தால் அதன் ஸ்பீக்கர் காந்தம் ஊசியைத் திருப்பும். ஃபோன் தடை செய்யப்பட்ட பள்ளியில் அது யாரிடம் இருக்கிறது என்பதையும் கால்வனோமீட்டர் காட்டிக்கொடுக்கும். அணுக் கேள்வியோடு வந்த அந்தப் பையனிடம் ஒரு செட்டைக் கொடுத்துப் பிழையைத் தேடச் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பதும் ஊசி காட்டுவதும் வேறானால் என்ன செய்வது என்பதைத்தானே அவனும் கேட்டான்.

கடைசியாக கோச்சிங் சென்டர். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தனியார் பள்ளி இயற்பியல் ஆசிரியைக்கு மாதச் சம்பளம் என்ன என்று எனக்குத் தெரியும், கோடை விடுமுறையில் அதுவும் வராத பள்ளிகளையும் தெரியும். வீட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் போங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அங்கேயும் நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இங்கே கழுத்தைப் பிடிக்கிறார்கள், அங்கே இயற்பியல் நடத்தலாம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்பது அங்கே தினசரி வாழ்க்கை, தராசும் குழாயும் அங்கே கிடையாது. நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு அவை இல்லாமல் முடியாது என்று தோன்றுகிறது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. தினம் ஒரு மணி நேரம் போதும், எம்.எஸ்சி. பாடங்கள் மறந்துபோவதற்குள் தொடங்குங்கள்.

சென்டரில் சேர்வது என்று முடிவெடுத்தால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். வருட நடுவில் நிற்க வேண்டிவந்தால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு? அசல் சான்றிதழ்களை அவர்களிடம் கொடுக்க வேண்டுமா? இரண்டாவதற்கு ஆமாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது இருக்கிற பள்ளியிலும் உங்கள் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.